வாயைப் பார்த்து மீன் வாங்குங்கள்

கடைத் தொட்டியில் ப்ளூ டாங் என்ற அந்தக் கடல் மீன் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். உடலெல்லாம் நீலம், வால் மஞ்சள், சினிமாவில் பார்த்துப் பழகிய முகம். வளர்ந்தால் 30 செ.மீ. வரை போகும். வீட்டில் இருப்பது 120 செ.மீ. நீளம், 45 அகலம், 50 உயரத் தொட்டி என்றால் கணக்குக்கு 270 லிட்டர். பாறையும் மணலும் போகத் தண்ணீர் 220 லிட்டர் தேறினால் அதிகம். பவளப் பாறைச் சரிவில் நாள் முழுக்க ஓடித் திரியும் மீனுக்கு அது திண்ணைகூட இல்லை.

உயிருள்ள பவளம் வளரும் நடுத்தரக் கடல்நீர்த் தொட்டியில் நாயகனாக நிற்கும் மீனுக்கு இடம் ஒன்றோ இரண்டோதான். அதற்கு எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் வாயைப் பார்க்கச் சொல்வேன். என்ன தின்னும், பவளத்தைக் கடிக்குமா, யாரோடு சண்டை போடும் என்பதில் பெரும்பகுதி அங்கேயே எழுதியிருக்கிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மாண்டரின் மீன். விரல் நீளம்தான், பட்டுப் புடவைக் கரைபோல ஆரஞ்சும் நீலமும் நெளிந்தோடும். மீன்களின் நீலம் பெரும்பாலும் சாயம் அல்ல. தோல் செல்களில் அடுக்கியிருக்கும் குவானின் படிகங்கள் ஒளியைச் சிதறடித்துக் காட்டும் வித்தை அது. ப்ளூ டாங்கின் நீலமும் அப்படித்தான். மாண்டரினிலோ உண்மையான நீல நிறமி கொண்ட செல்கள் இருப்பதை 1995இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். விலங்குலகில் இது அபூர்வம். அந்த அபூர்வத்தை வாங்கி, மூன்று மாத வயதான என் தொட்டியில் விட்டேன். தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ்நோக்கி நீளும் அந்தச் சின்ன வாய், பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற கடுகிலும் சிறிய ஓட்டுயிர்களை ஒவ்வொன்றாகக் கொத்துவதற்கு அமைந்தது. காலை முதல் இரவு வரை அதே வேலை. புதிய பாறையில் அந்த இரை சீக்கிரம் தீர்ந்துவிடும். இனம் பெருகி நிலைக்க மாதக்கணக்கில் ஆகும். சுற்றிலும் தீனி மிதக்க, மீன் பட்டினியால் ஒட்டிப்போனது. தொட்டிக்கு ஒரு வயதாவது ஆன பிறகே மாண்டரினை நினைக்க வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

டாங் குடும்பத்தில் கதை வேறு. மஞ்சள் டாங்குக்கு மூக்குப்போல் நீண்ட வாய். பாறை இடுக்கில் நுழைத்து இழைப் பாசியைக் கத்தரிக்கும். கோல் டாங்கின் பற்களோ சீப்புப் பல் மாதிரி, பாறைமேல் படிந்த மெல்லிய பாசிப் படலத்தைக் கூட்டி எடுக்கும். பாசி பவளத்தின் மேல் படர்ந்து மூடிவிடும் என்பதால் இரண்டுமே தொட்டிக்கு வேலைக்காரர்கள். மஞ்சள் டாங் 20 செ.மீ. வரை வளரும், கோல் டாங் அதைவிடச் சற்றுச் சிறியது. 4 அடித் தொட்டிக்கு ஒரு டாங் போதும் என்றால் என் ஓட்டு கோலுக்கே. மங்கலான மீன் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பழுப்பின்மேல் ஓடும் மெல்லிய கோடுகளும் கண்ணைச் சுற்றிய மஞ்சள் வளையமும் தெரியும்.

ஏன் ஒன்றுதான்? பவளப் பாறை மீன்கள் மற்றவர்களை விட்டுவிட்டுத் தம் இனத்தையே அதிகம் தாக்குவதைக் கவனித்தவர் கோன்ராட் லோரன்ஸ். விலங்கு நடத்தை ஆய்வுக்காக 1973இல் நோபல் பரிசு பெற்றவர். கண்ணைப் பறிக்கும் நிறங்கள் ‘இது என் இடம்’ என்ற சுவரொட்டி என்பது அவர் கருத்து. எல்லா மீன்களுக்கும் அது பொருந்தவில்லை. ஆனாலும் ஒரே வாய் உள்ளவன் ஒரே பாசிக்குப் போட்டி என்ற அடிப்படை தொட்டியில் அப்படியே நடக்கும். டாங்கின் வாலடியில் கத்திபோன்ற முள் இருப்பதை மறக்க வேண்டாம். சண்டைக்காரனைக் கடைசியாக விடுவதுதான் வழக்கம்; முதலில் வந்தவன் முழுத் தொட்டிக்கும் பட்டா போட்டுவிடுவான்.

ஃப்ளேம் ஏஞ்சல் என்ற மீன் ஒரு சூதாட்டம். 10 செ.மீ. தான், தீக்கங்கு மாதிரி இருக்கும். பாறையைச் சுரண்டித் தின்னும் வாய்க்குச் சதைப்பற்றான பவளமும் ஒரு ருசி. ஒரு மீன் வருடக்கணக்கில் சமர்த்தாக இருக்கும், இன்னொன்று முதல் வாரமே கொறிக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தையே உண்பவை, அவற்றை விட்டுவிடலாம்.

என் பலவீனம் ஃபேரி ராஸ் என்ற மீன். நீரில் மிதந்துவரும் சிற்றுயிர்களைக் கவ்வும் வாய் என்பதால் பவளத்தைத் தொடாது. பெண்ணாக வாழ்வைத் தொடங்கி, கூட்டத்தில் பெரியது ஆணாகி நிறம் கொள்ளும். பல இனங்கள் இரவில் தன்னைச் சுற்றிச் சளிப் பை பின்னி அதற்குள் உறங்கும். மாலத்தீவின் ஆழ் பாறைகளில் வாழும் ஒன்றுக்கு 2022இல் அந்நாட்டுத் திவேகி மொழியில் ரோஜாவைக் குறிக்கும் ‘ஃபினிஃபென்மா’ என்ற சொல்லையே பெயராகச் சூட்டினார்கள். ஒரே குறை, குதிக்கும். தொட்டிமேல் வலை இல்லையென்றால் காலையில் தரையில் கிடக்கும்.

வளர்ப்பில் பிறந்த மீன் கிடைத்தால் அதையே எடுங்கள். இங்கும் விஷயம் வாய்தான். கோமாளி மீன் பாறையில் முட்டையிடும். குஞ்சு ஓரளவு பெரிய வாயோடு பிறப்பதால் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீருயிரைத் தின்று வளர்கிறது. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் நம் ஆய்வாளர்கள் அதைப் பெருக்கியிருக்கிறார்கள். டாங் முட்டையோ கடலில் மிதப்பது. குஞ்சின் வாய்க்குள் ரோட்டிஃபர்கூட நுழையாது. இன்னும் நுண்ணிய கோப்பிபாட் குஞ்சுகளை வளர்த்து ஊட்டக் கற்ற பிறகே, 2015இல் ஹவாயின் ஓஷனிக் இன்ஸ்டிட்யூட் மஞ்சள் டாங்கை முழுமையாக வளர்த்தெடுத்தது. வளர்ப்பு மீனுக்கு உருண்டைத் தீனி பழக்கம். வளர்ப்பு மாண்டரின்கூடப் பலசமயம் அதை ஏற்கும்.

சென்னையின் கொளத்தூர் மீன் கடைகளோ வேறெங்கோ, காசு கொடுக்கும் முன் “அண்ணே, கொஞ்சம் தீனி போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். பாய்ந்து வந்து கவ்வி விழுங்கினால் சரி. கவ்விவிட்டு உடனே துப்பினால், அடுத்த வாரம் திரும்பப் போய் அதே மீனைப் பாருங்கள்.