கலங்கல்மானி தராசு இல்லை

போன வாரம் ஓர் அறிக்கை என் மேஜைக்கு வந்தது. கொல்கத்தா வழியாக ஓடும் ஹூக்ளி ஆற்றின் கழிமுகத்தில் எடுத்த கலங்கல் அளவு, என்.டி.யூ. (தண்ணீரின் கலங்கலைச் சொல்லும் அலகு) 640. எழுதியவர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வண்டலின் எடைக்கான 'மி.கி./லிட்டர்' என்று போட்டு, நீரோட்டத்தோடு பெருக்கி, வருஷத்துக்கு இத்தனை டன் வண்டல் என்று கணக்கை முடித்துவிட்டார். இந்த வருஷம் எனக்கு வந்ததில் இது நாலாவது. ஹால்டியா துறைமுகத்துக்குக் கப்பல் போகும் வழியில் ஜெலிங்காம் மணல்திட்டைத் தூர்வாரிக்கொண்டே இருக்கிறார்கள். அங்கே இப்படிக் கணக்குப் போட்டால் யார் தலையில் விடியும்?

கலங்கல்மானி ஒளியைப் பாய்ச்சி, பக்கவாட்டில் எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கிறது. அவ்வளவுதான். எடை அதற்குத் தெரியாது. ஒரு பிடி மைதாவை வீசிப் பாருங்கள், எதிரே நிற்பவர் முகம் மறையும். அதே எடைக்கு ரவையை வீசினால் சரசரவென்று தரையில் கொட்டும், முகம் பளிச்சென்று தெரியும். எடை சமமாக இருந்தாலும் 5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) களிமண் 100 மைக்ரான் மணலைவிடச் சுமார் 20 மடங்கு பரப்பை ஒளிக்குக் காட்டுகிறது. பௌர்ணமி ஓதம் (கடல் ஏற்றவற்றம்) அடிமணலைக் கிளப்பும்போது எடை எகிறும், என்.டி.யூ. அசைந்துகூடக் கொடுக்காமல் இருக்கலாம். கருவிக்குக் கம்பெனி தரும் அளவுத்திருத்தம் ஃபார்மசின் என்ற செயற்கைத் துகள் கலவையை வைத்துச் செய்தது. ஹூக்ளியில் ஃபார்மசின் ஓடவில்லை, ஐயா!

ஒருமுறை படகில் ஒரு பையன், "சார், அடியில தண்ணி தெளிஞ்சிருக்கு, எண் இறங்குது" என்றான். கயிற்றை இழுத்தோம். உணரியிலிருந்து கூழ் மாதிரிச் சாம்பல் சேறு வழிந்தது. சேறு அவ்வளவு கெட்டியானால் ஒளி துகள்களுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், சிதறிய ஒளி உணரிக்கு வந்து சேருவது குறையும், எண்ணும் இறங்கும்.

கலங்கல் தண்ணீர்ப் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிய பாட்டிகளுக்கு அடுத்த விஷயம் தெரியும். கழிமுகத்தில் அந்த வேலையைப் பெரும்பாலும் உப்பு செய்கிறது. களிமண் துகள்கள் ஒட்டித் திரளும். தனியாக இருக்கும் 2 மைக்ரான் துகள் ஒரு மீட்டர் இறங்க மூன்று நாள் ஆகும். நொடிக்கு அரை மில்லிமீட்டர் இறங்கும் திரளுக்கு அரை மணி நேரம் போதும். அதனால்தான் நீரோட்டம் நிற்கும் வேளையில் மேல்தண்ணீர் தெளிகிறது. அந்த நேரமாகப் பார்த்து ஒரு வாளி மொண்டுவந்து 'இந்த ஆற்றின் கலங்கல்' என்று எழுதாதீர்கள். ஓதம் சிறுத்திருக்கும் அஷ்டமி, நவமியை ஒட்டி மட்டும் போய்வருவதும் அதே தப்புதான். சென்னையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான். சாகர் தீவுப் பக்கம் பெரிய ஓதத்தில் நாலு மீட்டரைத் தாண்டும்.

பாட்டிலைக் குலுக்கினால் திரள் உடையும். பிறகு ஆய்வகத்தில் அளக்கும் துகள் அளவு ஆற்றில் இருந்த அளவு அல்ல. இறங்கும் வேகம் வேண்டுமென்றால் படகிலேயே, எடுத்த கையோடு அளந்துவிடுங்கள்.

எடை போடுவதற்காக வண்டலை வடித்த வடிதாளை நல்ல தண்ணீரில் கழுவாமல் உலர்த்துகிறவர்களை என்ன சொல்ல? லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள தண்ணீர் தாளில் அரை மில்லி தங்கினால் 10 மில்லிகிராம் உப்பு. நீங்கள் வடித்தது 200 மில்லி, அதில் வண்டலே 20 மில்லிகிராம்தான் என்றால் ஒன்றரை மடங்கு காட்டும். தாளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்தும் எடை போடுகிறார்கள்.

தயவுசெய்து ஒவ்வோர் இடத்திலும், ஒவ்வொரு பருவத்திலும், மேலேயும் நடுவிலும் அடியிலும் தண்ணீர் எடுங்கள். வடித்து, உலர்த்தி, எடை போட்டு, எண்ணை எடையாக மாற்றும் அந்த ஆற்றின் சமன்பாட்டை உங்கள் கருவிக்கு நீங்களே போடுங்கள். கருவி காட்டும் எண்ணையும் நேரத்தையும் அந்தந்தப் பாட்டிலில் ஒட்டிய சீட்டிலேயே எழுதுங்கள். பென்சிலால். பேனா மை அந்த ஈரத்தில் நிற்காது.