‘எல்லா வசதியும் இருக்கே’ என்று இனிமேல் சொல்லாதீர்கள்

நெய்வேலியில் ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பாண்டியில் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து சேரும் பெரியவர்கள் நேராக மனநல ஓபிக்கு வருவதில்லை. வயிறு எரிகிறது என்று எண்டோஸ்கோபி, நெஞ்சு படபடக்கிறது என்று எக்கோ, எல்லாம் நார்மல் என்று ஆன பிறகுதான் ஒரு கட்டு ஃபைலோடு வருகிறார்கள். போன வாரமும் ஒருவர். கூட வந்த மகன் அப்பாவைப் பேசவே விடவில்லை. “தனி ரூம், ஏசி, லிஃப்ட், எல்லா வசதியும் இருக்கு டாக்டர், என்ன குறைன்னே தெரியலை.”

தம்பி, அவர் வசதி கேட்டு வரவில்லை. சுரங்கத்தில் ஷிஃப்ட் பார்த்த மனிதர், பஸ்ஸில் பக்கத்து சீட்காரருக்கு அவர் வீட்டுக் கல்யாணப் பேச்சு வரை தெரியும், வட்டத்துக் கடைக்குப் போனால் (நெய்வேலியில் குடியிருப்புப் பகுதியை வட்டம் என்பார்கள்) பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். லாஸ்பேட்டை அபார்ட்மென்ட்டில் அவர் ‘தேர்டு ஃப்ளோர் சாரோட அப்பா’. அவ்வளவுதான். ஏசி உடம்பைக் குளிர வைக்கும். ‘என்ன ரெண்டு நாளா ஆளைக் காணோம்?’ என்று அது கேட்காது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருத்தராவது இருக்கும் இடம்தான் நம்ம இடம். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

தைராய்டு, பி12 எல்லாம் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் மனசுக்கு வருவோம். இப்படி மாற்றத்தை ஒட்டி ஒரு மாதத்துக்குள் ஆரம்பிக்கும் தவிப்பு, காரணம் தொடராவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் தனிமைதான் காரணம் என்றால் அதைத் தினமும் நாமே புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோமே.

பாலும் காயும் ஆப்பில் வரவழைக்காதீர்கள், அந்த வேலையை அவரிடம் விடுங்கள். அதே கடை, அதே நேரம், தினமும். பழக்கம் ஆக நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக ஊர் மாறியவர்களையும் கேட்டுப் பார்த்து, சும்மா தெரிந்தவர் ஓரளவு நண்பராகவே 50 மணி நேரம் போல ஆகிறது, நெருக்கமாக 200 மணிக்கும் மேல் என்று கணக்குச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது இதில் சேராது, அங்கே பாதிப் பேர் டூரிஸ்ட்.

பெரியவர்களே, உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய வட்டத்து வாட்ஸ்அப் குரூப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. காலையில் அரை மணி பாருங்கள், அப்புறம் போனை வைத்துவிட்டுப் பேரன் பேசுவதைக் கேளுங்கள். ஏக்கம் தாங்கவில்லையா, பஸ் ஏறி ஒரு நாள் போய் வாருங்கள், தப்பே இல்லை. ஒவ்வொரு வாய் சோற்றுக்கும் ‘நெய்வேலி மாதிரி வருமா’ என்று மட்டும் வேண்டாம், மருமகள் பாவம்.

ரெண்டு வாரமாகத் தூக்கம், பசி, எதிலும் பிடிப்பு இல்லையென்றால் காத்திருக்காதீர்கள். ‘நான் இருந்து என்ன’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டி வாருங்கள். ராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலேயே பேசலாம். நேற்று வரை தெளிவாக இருந்தவர் திடீரென்று ஆள் தெரியாமல் உளறினால் அது ஊர் மாறிய ஏக்கம் இல்லை. சோடியம் குறைந்திருக்கலாம், சிறுநீரில் கிருமி இருக்கலாம். நேராக காஷுவால்ட்டிக்குப் போங்கள், என்னை அப்புறம் பார்க்கலாம்.