ஓட்டத்தை அளக்கும் சென்சார்: எந்த எண்ணை நம்பலாம்?

தஞ்சாவூரில் புது ஆற்றின் கரையோரம் விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் இளைஞர்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அவர்களில் சிலர் கையில் இப்போது ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை அடி, அடியின் நீளம் எவ்வளவு, பாதம் தரையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று எண்கள் வரிசையாக வருகின்றன. எல்லாம் ஒரே திரையில் தெரிவதால் எல்லாமே ஒரே துல்லியம் என்று நம்பிவிடுகிறோம். அது உண்மையல்ல.

சென்சாருக்குள் முக்கியமாக இருப்பவை முடுக்கமானியும் சுழல்மானியும்தான். வேகம் எப்படி மாறுகிறது என்பதை அளக்கும் முடுக்கமானியில், தலைமுடியைவிட மெல்லிய சிலிக்கன் சுருள்களில் ஒரு நுண்ணிய எடை தொங்குகிறது. உடல் அசையும்போது அது சற்றுப் பின்தங்கும். பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மாறும். அந்த மாற்றம் மின் அளவாகப் பதிவாகும். கையோ காலோ எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதைச் சுழல்மானி சொல்லும். அடியைப் பற்றித் திரையில் வரும் எண்கள் பெரும்பாலும் இவற்றிலிருந்து கணக்குப் போட்டுப் பெறுபவை.

அடிகளின் எண்ணிக்கையை நம்பலாம். பாதம் மோதும்போதெல்லாம் அதிர்வு எழுகிறது. அதை எண்ணுவது எளிது.

பாதம் தரையில் இருக்கும் நேரம் அவ்வளவு எளிதல்ல. நிதான ஓட்டத்தில் அது ஏறத்தாழ 250 மில்லி நொடி. சென்சார் நொடிக்கு 100 முறை அளந்தால், இரண்டு அளவீடுகளுக்கு நடுவே 10 மில்லி நொடி போய்விடுகிறது. இரு கால்களுக்கும் ஒரு சதவீத வித்தியாசம் என்று காட்டினால், அது வெறும் 2.5 மில்லி நொடி! நூற்றுக்கணக்கான அடிகளின் சராசரியில், முன்னும் பின்னுமாகச் சிதறும் பிழை கரைந்துவிடும். எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை கரையாது. பாதம் மோதும் கணத்தில் கூர்மையான அதிர்வு உண்டு. பாதம் தரையைவிட்டு எழும் கணத்திலோ அப்படித் தெளிவான அடையாளம் இல்லை. மார்பிலோ இடுப்பிலோ கட்டிய சென்சார் அதை ஊகிக்கத்தான் வேண்டும்.

ஊகத்துக்கான சூத்திரங்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில், கெட்டியான தளத்தில், விசைத் தட்டின் (பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டு) அளவோடு ஒப்பிட்டு உருவானவை. நம் ஆற்றங்கரையோ வண்டல் மண். மழைக்கு மறுநாள் குதிகால் அமுங்குகிறது, அதிர்வின் முனை மழுங்குகிறது, சூத்திரம் தடுமாறுகிறது. மெத்தென்ற மண்ணில் நாமும் கொஞ்சம் வேறு மாதிரிதான் ஓடுகிறோம். எது காலின் மாற்றம், எது கருவியின் பிழை என்பதை அந்த ஓர் எண்ணிலிருந்து பிரித்தறிய முடியாது. ஆகவே ஒப்பிடுவதானால் அதே பாதை, அதே காலணி, அதே கருவி, அதே இடத்தில் இறுக்கமாகக் கட்டிய பட்டை.

அடியின் நீளம் இன்னும் சிக்கலானது. முடுக்கத்தைக் கூட்டி வேகம், வேகத்தைக் கூட்டித் தூரம் என இரண்டு முறை கூட்ட வேண்டும். களத்தில் நெல் அளப்பவர் மரக்காலுக்கு ஒரு பிடி தவறினால் அம்பாரம் முடிவதற்குள் மூட்டைக் கணக்கே மாறிப்போகும் அல்லவா? இங்கே பிழை அதைவிட வேகமாகப் பெருகும். சென்சாரின் சாய்வை ஒரே ஒரு பாகை தவறாகக் கணித்தால், புவியீர்ப்பின் ஒரு பங்கு ஓட்டத்தின் முடுக்கமாகக் கணக்கில் ஏறி, பத்தே நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் பிழை சேரும். பாதத்தில் கட்டும் கருவிகள் இதற்கு ஓர் அழகான வழி வைத்திருக்கின்றன: பாதம் ஊன்றி நிற்கும் கணத்தில் அதன் வேகம் பூஜ்ஜியம் என்று கொண்டு, ஒவ்வோர் அடியிலும் கணக்கைப் புதிதாகத் தொடங்குகின்றன. நடையில் இது நன்றாகப் பலிக்கிறது. ஓட்டத்தில் அந்தக் கணம் மிகக் குறுகியது. முன்பாதத்தில் ஓடுபவர்களுக்குப் பாதம் முழுமையாக நிற்பதே அரிது.

எனக்குப் பெரிதும் கவலை தருவது கடைசி எண்: ‘தாக்கம்’. கீழ்க்காலில் கட்டிய சென்சார் காட்டும் அதிர்வு குறைவாக இருந்தால் எலும்புக்கும் சுமை குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் முன்னங்கால் எலும்பில் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது பாதம் மோதும்போது அல்ல. அடியின் நடுப்பகுதியில், கெண்டைக்கால் தசை இழுக்கும்போது. தோலின் மேல் இருக்கும் கருவி அந்தத் தசை இழுப்பை நேரடியாக அளப்பதில்லை. தேர்வுத் தேதி நெருங்கும்போது ஓட்டத்தைத் திடீரெனக் கூட்டுபவர்களுக்குத்தான் எலும்பில் நுண்விரிசல் வரும் ஆபத்து அதிகம். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீரென்று வலிக்கிறதா? திரை என்ன காட்டினாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.