கைப்பேசியில் ஒரு தனித்திறவி: கிரிப்டோ வாலட் செயலி இயங்கும் விதம்

கிரிப்டோ வாலட் செயலியை நிறுவிக்கொண்ட பலரும், தாங்கள் வாங்கிய பிட்காயின் தங்கள் கைப்பேசிக்குள் இருப்பதாகவே எண்ணுகிறார்கள். பிட்காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் படியெடுத்து வைக்கப்பட்டுள்ள பொதுப் பேரேட்டில் உள்ள ஒரு பதிவு. அந்தப் பதிவை மாற்றும் உரிமை தமக்கு உண்டு என்று மெய்ப்பிக்கும் 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத்தான் செயலி காத்துவைக்கிறது. பிரைவேட் கீ எனப்படும் இந்தத் தனித்திறவி எப்படி உருவாகிறது, எங்கே வைக்கப்படுகிறது, எப்போது வெளியே எடுக்கப்படுகிறது என்பவற்றைப் பார்த்தாலே, இச்செயலிகளின் நன்மை தீமைகள் பெரும்பாலும் விளங்கிவிடும்.

வாலட் போலத் தோற்றமளித்தாலும், சில செயலிகளில் தனித்திறவி பயனரிடம் இருப்பதே இல்லை. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்களின் செயலிகள் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்தவை. திறவிகளை நிறுவனம் வைத்திருக்க, திரையில் தெரியும் தொகை அந்நிறுவனம் நமக்குத் தரவேண்டிய கடனாக மட்டுமே நிற்கிறது. 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டபோது, தங்கள் கைப்பேசியில் எந்தக் கவனக்குறைவும் செய்யாத பயனர்களும் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். எனவே இனி இங்கே பேசப்படுவது, திறவியைப் பயனரே வைத்துக்கொள்ளும் செயலிகளைப் பற்றி மட்டுமே.

இத்தகைய செயலியைத் திறக்க வங்கிக் கணக்கோ ஒருவரின் ஒப்புதலோ தேவையில்லை. முதன்முறை திறந்ததும், கைப்பேசியின் இயங்குதளத்திலிருந்து எவரும் ஊகிக்க முடியாத ஒரு தற்போக்கு எண்ணைப் பெற்று, அதிலிருந்து திறவிகளைச் செயலி உருவாக்குகிறது. அந்தத் தற்போக்குத் தன்மையில் குறை இருந்தால் மற்ற காவல்கள் அனைத்தும் வீண். 2013 ஆகஸ்டில் இது நடந்தே விட்டது. பணத்தை அனுப்பும் ஒவ்வொரு முறையும், அது நம் ஒப்புதலுடன் நடப்பதை மெய்ப்பிக்கத் தனித்திறவியைக் கொண்டு செயலி ஒரு மின்னணுக் கையொப்பம் இடுகிறது. ஆண்ட்ராய்டின் தற்போக்கு எண் உருவாக்கியில் பிழை இருந்ததால், ஒரே திறவியைக் கொண்டு போடப்பட்ட இரு வேறு கையொப்பங்களில், ஒருமுறை மட்டுமே பயன்பட வேண்டிய எண் இரண்டாம் முறையும் வந்துவிட்டது. கையொப்பங்கள் பொதுப் பேரேட்டில் எல்லோருக்கும் தெரிபவை. அவ்விரண்டையும் சமன்பாடுகளாக எழுதித் தீர்த்தால் தனித்திறவியே கிடைத்துவிடும். அப்படிக் கணக்கிட்டவர்கள் சுமார் 55 பிட்காயின்களை எடுத்துச் சென்றார்கள். பின்னர், கையொப்பத்துக்கான அந்த எண்ணைத் திறவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் கணக்கிட்டுப் பெறும் முறைக்குப் பல செயலிகள் மாறின.

தொடக்கத்தில் பெற்ற தற்போக்கு எண்ணையே செயலி 12 அல்லது 24 சொற்களாக மாற்றி நமக்குக் காட்டுகிறது. 2013இல் முன்மொழியப்பட்ட இம்முறையில் 2048 சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு சொல்லும் 11 பிட்டுகளைக் குறிப்பதால், 12 சொற்களில் 132 பிட்டுகள் அடங்கும். அவற்றுள் 128 தற்போக்கானவை. எஞ்சிய நான்கும் பிழை சரிபார்க்க உதவுகின்றன. ஆங்கிலப் பட்டியலில் எந்த இரு சொற்களுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருப்பதில்லை என்பதால், கையெழுத்து சற்றுத் தெளிவின்றி இருந்தாலும் சொல்லை மீட்டெடுக்கலாம்.

கைப்பேசி வாலட்டின் மிகப் பெரிய நன்மையாக நான் கருதுவது இந்த ஏற்பாட்டைத்தான். பேருந்தில் கைப்பேசி தொலைந்துபோனாலும், செயலியை உருவாக்கிய நிறுவனமே மூடப்பட்டாலும், அதே சொற்களை வேறொரு நிறுவனத்தின் செயலியில் இட்டால் திறவிகள் அனைத்தும் அப்படியே மீண்டும் உருவாகும். ஒரே மூலத்திலிருந்து, பணம் பெறுவதற்கான முகவரிகளைக் கிளைபிரிக்கும் வழித்தடம் செயலிக்குச் செயலி மாறலாம் என்பதால், புதிய செயலியில் சில சமயம் இருப்பு பூஜ்யமாகத் தெரியும். பணம் போய்விட்டது என்று பதற வேண்டாம். பழைய செயலியின் வழித்தடத்தைத் தேர்ந்தெடுத்தால் இருப்பு தெரியவரும்.

திறவியைக் கைப்பேசிக்குள் பூட்டிவைப்பதில் பலரும் அறியாத ஒரு நுட்பச் சிக்கல் இருக்கிறது. ஐபோனில் செக்யூர் என்கிளேவ் என்ற தனிப் பாதுகாப்புப் பகுதி உண்டு. அதற்குள் உருவான திறவி ஒருபோதும் வெளியே வராது. ஆனால், கையொப்பக் கணக்கீட்டுக்கு அது கையாளும் கணித வளைவு (நீள்வட்ட வளைவு) பி-256. பிட்காயினும், எத்திரியம் என்ற மற்றொரு கிரிப்டோ வலையமைப்பும் பயன்படுத்துவதோ வேறொரு வளைவு. ஆகவே அவற்றின் திறவியை அப்பகுதியின் உதவியுடன் மறையாக்கம் செய்து சேமிக்கலாமே தவிர, கையொப்பமிடும்போது அதைக் கைப்பேசியின் பொது நினைவகத்தில் சிறிது நேரமாவது திறந்துவைத்தே ஆகவேண்டும். கைப்பேசியைத் தீநிரல் முழுமையாகக் கைப்பற்றியிருந்தால் அந்தச் சிறிது நேரமே போதும். கையொப்பத்தையே தனக்குள் போடும் தனிக் கருவியான ஹார்ட்வேர் வாலட்டுக்கு இந்தப் பலவீனம் இல்லை.

திறவி திருடப்படாமலேயே பணம் போகும் வழிகளும் உண்டு. எத்திரியத்தில் ஒரு சேவையைப் பயன்படுத்தும்போது, நம் டோக்கன்களை (எத்திரியத்தின் மேல் இயங்கும் பிற கிரிப்டோ நாணயங்களை) எடுத்துக்கொள்ள அதற்கு அனுமதி வழங்குகிறோம்; அளவு குறிப்பிடாத அனுமதியைக் கேட்கும் சேவைகள் பல. சிறு திரையில் ‘உறுதிசெய்’ என்ற பொத்தான் பெரிதாகவும், எதற்கு உறுதி தருகிறோம் என்பது புரியாத எண்ணெழுத்து வரிசையாகவும் தெரிவது வடிவமைப்பாளர்கள் உடனே திருத்தவேண்டிய குறை. முகவரியின் முதல், கடைசி எழுத்துகளை மட்டும் காட்டும் பழக்கமும் அத்தகையதே. நாம் முன்பு பணம் அனுப்பிய முகவரியின் அதே தொடக்கமும் முடிவும் கொண்ட வேறொரு முகவரியை மோசடிக்காரர் உருவாக்கி, அதிலிருந்து மிகச் சிறு தொகையை நமக்கு அனுப்பிவைப்பார். பின்னாளில் பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுப்பவர் அவருக்கே பணத்தை அனுப்பிவிடுவார். அனுப்பியது பேரேட்டில் உறுதியான பின் புகார் செய்ய வங்கி போன்ற ஓர் இடம் இல்லை.

பிட்காயின் பேரேடு முழுவதும் 500 ஜிகாபைட்டைத் தாண்டிவிட்டதால், அதைப் பெரும்பாலான கைப்பேசிகளில் வைக்க இயலாது. பெரும்பாலான செயலிகள் நம் இருப்பை நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டே காட்டுகின்றன. தவறான இருப்பைக் காட்ட அந்த சர்வரால் முடியுமே தவிர, திறவி இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது. எனினும், எந்தெந்த முகவரிகள் ஒரே ஆளுக்குரியவை என்பது அதற்குத் தெரிந்துவிடுகிறது.

மீட்புச் சொற்களைத் திரைப்பிடிப்பாகச் சேமிப்பதைக் கட்டாயம் தவிர்க்கவேண்டும். கைப்பேசியின் படத்தொகுப்பில் உள்ள எழுத்துகளைப் படித்து இச்சொற்களைத் தேடும் ஸ்பார்க்கேட் என்ற தீநிரல், கூகுள் பிளே, ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த செயலிகளுக்குள் ஒளிந்திருந்ததை 2025 பிப்ரவரியில் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி வெளியிட்டது. தாளில் எழுதி வைப்பதே நல்லது. பெரிய தொகையை இடுவதற்கு முன், சிறு தொகையை மட்டும் இட்டு, செயலியை நீக்கிவிட்டு, தாளில் உள்ள சொற்களைக் கொண்டு மீட்டுப் பார்ப்பதும் அவசியம்.

அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்காவது தெரிந்திருக்கவேண்டும். இங்கே வங்கியைப் போல வாரிசு நியமனம் கிடையாது. சொற்களோடு கூடுதலாக ஒரு கடவுத்தொடரைச் சேர்த்திருந்தால் அதையும் தனியே எழுதிவைக்கவேண்டும். கடவுத்தொடரைத் தவறாக இட்டாலும் விட்டுவிட்டாலும் செயலி பிழை என்று சொல்லாது. வேறொரு முறையான, காலியான வாலட்டைத் திறந்து காட்டும். அதைப் பார்க்கும் குடும்பத்தார், அதில் பணமே இல்லை என்று முடிவுசெய்துவிடுவார்கள்.