கை அடங்கியது, மூளை அடங்கவில்லை

பிறந்து இரண்டே நாளான குழந்தை. வலது கை மட்டும் அவ்வப்போது, ஒரே தாளத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. பினோபார்பிட்டால் என்ற வலிப்பு மருந்தை ஏற்றிய சிறிது நேரத்தில் கை ஓய்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் நின்ற தந்தை, "நின்றுவிட்டதா?" என்று சைகையால் கேட்டார். என்னால் ஆம் என்று தலையாட்ட முடியவில்லை. மூளையின் மின்னலைகளைக் காட்டும் இஇஜி திரையில் வலிப்பு அலைகள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன.

பச்சிளங் குழந்தைகளிடம் இதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். மருந்து உடலை அடக்குகிறது. மூளையின் வெளி அடுக்கான மேற்புறணியில் வலிப்பு தொடர்கிறது. இது ஏன் என்பதற்கு நம்பத்தகுந்த விளக்கத்தைத் தந்தவை எலிக்குஞ்சுகள்தாம்.

முதிர்ந்த மூளையில் காபா என்ற வேதிப்பொருள் நரம்பணுக்களை அடக்கிவைக்கிறது. பினோபார்பிட்டால் அந்தக் காபாவுக்குத்தான் வலுவூட்டுகிறது. ஆனால் பிறந்து சில நாள்களே ஆன எலிக்குஞ்சின் நரம்பணுக்களுக்குள் குளோரைடு என்ற மின்னேற்றத் துகள் மிகுதியாகத் தேங்கியிருக்கும். அதை வெளியேற்றும் புரதம் இன்னும் போதுமான அளவு உருவாகியிருக்காது. அந்த நிலையில் காபா வந்து தொட்டால் அடங்க வேண்டிய அணு கிளர்ந்தெழக்கூடும். இந்தப் புரதம் மூளையின் ஆழ்பகுதிகளில் முன்னதாகவும், மேற்புறணியில் பிந்தியும் முதிர்கிறது. கை ஓய்ந்தும் திரை ஓயாததன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முழு வளர்ச்சி பெற்ற விலங்கிடம் மட்டும் சோதித்திருந்தால் இது நம் கண்ணில் பட்டிருக்காது. வலிப்பு மருந்துகளின் வரலாறோ பெரும்பாலும் அந்த வழியில்தான் நடந்தது. 1937இல் மெரிட்டும் புட்னமும் பூனைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துப் பினைட்டாயின் என்ற மருந்தின் வலிப்படக்கும் ஆற்றலைக் கண்டறிந்தார்கள். அதன்பின் பல பதிற்றாண்டுகள் வளர்ந்த எலிகளிடமே மருந்துகள் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டன. குழந்தைக்கு எடையைப் பார்த்து அளவைக் குறைத்தால் போதும் என்று எண்ணினோம். 1999இல் வெளியான ஆய்வில், 59 பச்சிளங் குழந்தைகளில் பினோபார்பிட்டால் 43 சதவீதத்தினருக்கும் பினைட்டாயின் 45 சதவீதத்தினருக்கும் மட்டுமே வலிப்பைக் கட்டுப்படுத்தியது. இரண்டுமே பாதியைத் தாண்டவில்லை.

பலன் ஒரு பக்கம் என்றால் பாதுகாப்பு இன்னொரு பக்கம். 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை இன்றும் உறுத்துகிறது. ஏறத்தாழ ஒரு வார வயதுள்ள எலிக்குஞ்சுகளுக்குப் பினைட்டாயின், பினோபார்பிட்டால், டயசிபாம், வால்புரோயேட் ஆகிய வலிப்பு மருந்துகளைக் கொடுத்தபோது, வளரும் மூளையில் நரம்பணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக மடிந்தன. இதைப் படிக்கும் பெற்றோர் பதறி மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எலியின் சில நாள்கள் மனிதக் குழந்தையின் பல வாரங்களுக்கு ஈடு. எலிக்குக் கொடுத்த மருந்தளவுகளையும் நேராக ஒப்பிட முடியாது. அடங்காத வலிப்பும் மூளையைக் காயப்படுத்தும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பலாம்.

எலிக்குஞ்சு சொன்னதெல்லாம் வேதவாக்கும் அன்று. தேங்கிய குளோரைடைக் குறைக்கும் புமெட்டனைடு என்ற மருந்து குஞ்சுகளிடம் நம்பிக்கையூட்டியது. பச்சிளங் குழந்தைகளிடம் நடந்த சோதனையோ பாதியில் நிறுத்தப்பட்டது. வலிப்பு எதிர்பார்த்தபடி அடங்கவில்லை. உயிர்பிழைத்த 11 குழந்தைகளில் 3 பேருக்குக் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. இதனால் இளம் விலங்குச் சோதனையே வீண் என்று சிலர் வாதிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நலமான குஞ்சுக்கு ரசாயனம் ஏற்றி வரவழைக்கும் வலிப்பு வேறு. பிறக்கும்போது மூச்சுத்திணறிய குழந்தைக்கு வரும் வலிப்பு வேறு. வயதோடு காரணமும் பொருந்தும்படி சோதிக்க வேண்டும். கேட்கும் திறன், கற்கும் திறன், நடத்தை ஆகியவற்றையும் அந்தக் குஞ்சு வளர்ந்த பிறகு அளந்து பார்க்க வேண்டும்.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த மருந்து இன்னும் தேவையா?" மூச்சுத்திணறல், சர்க்கரைக் குறைவு போன்ற தற்காலிகக் காரணத்தால் வந்த வலிப்பு அடங்கிவிட்டால், பல குழந்தைகளுக்கு வீட்டுக்குப் போகும் முன்பே மருந்தை நிறுத்திவிடலாம் என்பதே இன்றைய வழிகாட்டுதல். அந்த முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கேள்வியை நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.

அந்தக் குழந்தைக்கு இரண்டாவது மருந்து ஏறிய பிறகுதான் திரை அமைதியானது. தந்தையை உள்ளே அழைத்து, கையை அல்ல, கோடுகளைக் காட்டினேன். எட்டாம் நாள் மருந்துச்சீட்டில் வலிப்பு மருந்து எதுவும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்பினோம்.