கிருஷ்ணகிரியில் சென்சார் எண்ணும் வண்டிகளைப் பயணக் கணக்காக்குவது எப்படி?

தேசிய நெடுஞ்சாலை 44-உம் 48-உம் ஓசூர் வழியாக ஒன்றாக வந்து கிருஷ்ணகிரியில் பிரிகின்றன. ஒன்று தருமபுரி, சேலம் பக்கம். மற்றொன்று வேலூர், சென்னை பக்கம். இங்கே சாலையை அகலப்படுத்துவதா, பஸ்ஸைக் கூட்டுவதா என்று முடிவெடுக்கும் எவரும் சென்சார் தரும் எண்ணை, போக்குவரத்தைக் கணிக்கும் கணினி மாதிரிக்குள் அப்படியே போட்டுவிடக் கூடாது.

முதலில் கருவி. தாருக்குள் வெட்டிப் புதைத்த கம்பிச் சுருளின் மேல் உலோகம் வந்தால் அதன் மின்தூண்டல் மாறும். அடுத்தடுத்து இரண்டு சுருள் இருந்தால் வேகம் கிடைக்கும்; வேகத்திலிருந்து நீளம் கிடைக்கும். மணிக்கு 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர். அந்த வண்டி சுருளை 0.7 விநாடி மறைத்தால் 14 மீட்டர். சுருளின் 2 மீட்டரைக் கழித்தால் 12 மீட்டர். பஸ் அல்லது லாரி. இந்தக் கணக்கு, சுருளைக் கடக்கும்வரை வேகம் மாறவில்லை என்று நம்பிப் போடுவது. டோல்கேட் வரிசையிலும் வேகத்தடை அருகிலும் வண்டி நின்று நின்று நகரும்போது காரைக்கூட லாரி என்று பதிந்துவிடும். ஆகவே சுருளை அங்கே பதிக்காதீர்கள்.

நம் ஊர் பைக்குகள் லேன் பார்த்துப் போவதில்லை. இரண்டு சுருளுக்கு நடுவே போனால் எண்ணிக்கையில் வராது. ஜோடியாகப் போனால் ஒன்றாகிவிடும். லேன் கோட்டின் மேல் ஓடும் லாரி இரண்டாகும். ஓரக் கம்பத்து ராடாரில் லாரிக்கு அப்பால் போகும் பைக் மறைந்துவிடும். உள்ளூர்ப் பயணத்தில் பெரும்பங்கு சர்வீஸ் ரோட்டில் நடக்கிறது. அங்கும் ஒரு கருவி வேண்டும். ஃபாஸ்டேக் பதிவு இதை ஈடுகட்டாது, பைக்குக்குச் சுங்கமே கிடையாது. காலை, மதியம், இரவு என்று வீடியோ எடுத்து, கையால் எண்ணி, வண்டி வகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திருத்த விகிதம் போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் போட்டால் பைக் குறையும், லாரி கூடும்.

எண்ணிக்கை துல்லியமாக இருந்தாலும் பயணம் தெரிந்துவிடாது. எளிமைக்காகக் கிருஷ்ணகிரி ஊருக்குள் போகிறவர்களை விட்டுவிட்டு, ஒரு மணி நேரத்துக்குக் கற்பனை எண்கள் வைத்துப் பார்ப்போம். சந்திப்புக்குள் ஓசூரிலிருந்து 1000, தருமபுரியிலிருந்து 600, வேலூரிலிருந்து 400 வண்டிகள் வருகின்றன. வெளியே ஓசூருக்கு 700, தருமபுரிக்கு 750, வேலூருக்கு 550 போகின்றன. ஓசூரிலிருந்து தருமபுரிக்குப் போனவை எத்தனை? 450 என்றாலும் கணக்கு சரியாக வரும், 750 என்றாலும் வரும். ஆறு சென்சாரும் பிழையே இல்லாமல் வேலை செய்தாலும் இதுதான் நிலை. இன்னும் சென்சார் வாங்குவதால் தீராது. நம்பர் பிளேட் கேமராவை இரண்டு கிளையில் வைத்து ஒரு பகுதி வண்டிகளின் எண்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஓசூர் வண்டிகளில் 60 சதவீதம் தருமபுரிக்குப் போவதாகத் தெரிந்தால் 600 என்று நிற்கும், எங்கிருந்து எங்கே என்ற மீதி ஐந்து இணைகளின் எண்களும் தாமே கிடைத்துவிடும். பிளேட் எண்ணை மீட்க முடியாத குறியீடாக மாற்றிய பிறகே சேமியுங்கள். ஆளை அடையாளம் காண இங்கே தேவையே இல்லை.

அடுத்தது மனிதர்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 64 என்ற வழிகாட்டி கிராமப்புறச் சாலைக்குப் பைக்கை 0.5 காராகவும், பஸ், லாரியை 3 காராகவும், டிராக்டர் டிரெய்லரை 4.5 காராகவும் எடுக்கிறது. இது சாலையில் அடைக்கும் இடத்தின் அளவு. ஓசூர் சிப்காட்டுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் 3 காராகப் பதியும்; உள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள். வண்டி வகைவாரியாக ஆள் எண்ணிக்கையைச் சாலையோரத்தில் நின்று எடுக்காமல் பஸ் தேவையைச் சொல்லவே முடியாது.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே உள்ள தொப்பூர் கணவாயில் ஒரு மணி நேர எண்ணிக்கை குறைந்தால் போகிறவர்கள் குறைந்ததாக எழுதிவிடாதீர்கள். நெரிசலிலும் எண்ணிக்கை குறையும், வெறுஞ்சாலையிலும் குறையும். வேகத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று புரியும். மாம்பழ சீசனில் கூழ் தொழிற்சாலைகளுக்கு லாரி, டிராக்டர் வரிசை கட்டும். அந்த மே, ஜூன் வாரத்தை ஆண்டு முழுவதற்கும் பெருக்கக் கூடாது. 24 மணி நேரம், 7 நாள் எண்ணிக்கையை சீசனில் ஒருமுறையும் வெளியே ஒருமுறையும் எடுங்கள்.

மாதிரியைச் சரிபார்க்க, கட்டும்போதே ஒன்றிரண்டு சென்சாரை ஒதுக்கி வையுங்கள். அந்த இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மாதிரி 900 என்று சொல்லி சென்சார் 1000 எண்ணியிருந்தால், இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்று காட்டும் ஜி.இ.எச். அளவு 3.2, 5-க்குள் இருப்பதால் ஏற்கலாம். மாதிரி 1200 என்று சொன்னால் 6 வரும். அப்போது மாதிரியில் கை வைக்கும் முன், அந்த இடத்து சர்வீஸ் ரோடு எண்ணிக்கையில் சேர்ந்ததா என்று பாருங்கள்.