இதயம் அனுப்பும் ஹார்மோன்

1981இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அடோல்ஃபோ டி போல்டும் அவருடைய குழுவினரும் எலி இதயத்தின் மேலறைத் தசையிலிருந்து சாறு எடுத்து, அதை வேறு எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்திலேயே அவற்றுக்குச் சிறுநீர் ஏராளமாகப் போனது, கூடவே உப்பும். ரத்த அழுத்தமும் இறங்கியது. கீழறைத் தசையின் சாற்றை ஏற்றியபோது இதெல்லாம் நடக்கவில்லை. ரத்தத்தைத் தள்ளும் பம்ப் என்று நாம் படித்த உறுப்பு ஹார்மோனும் சுரக்கிறது என்பதற்கு இது பலமான சான்று.

அந்தப் பொருள்தான் ஏஎன்பி, 28 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறு புரதச் சங்கிலி. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்றி மூளையில் இதற்கு உறவான பிஎன்பியைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் இதயம் நலிந்தவர்களின் ரத்தத்தில் அது கூடுவதற்குக் காரணம், பெரும்பாலும் இதயத்தின் கீழறைகளே.

அறைக்குள் ரத்தம் தேங்கிச் சுவர் இழுபடும்போது தசைச் செல்கள் 108 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியைத் தயாரிக்கின்றன. அது இரண்டாக வெட்டுப்படுகிறது. 32 உள்ள துண்டு பிஎன்பி. வேலை செய்வது அதுதான். மிச்சமுள்ள 76, என்டி-ப்ரோபிஎன்பி. அதற்கு வேலை எதுவும் தெரியவில்லை என்றாலும், ரத்தத்தில் அதிக நேரம் தங்குவதால் அளப்பதற்கு வசதி. பிஎன்பி சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் வெளியேற்ற வைக்கிறது, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. மொத்தத்தில் இதயம் தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்ளப் பார்க்கிறது.

மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு வருபவருக்குக் கோளாறு நுரையீரலிலா இதயத்திலா என்ற குழப்பத்தில் இந்த அளவு கைகொடுக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் பிஎன்பி 100 பிகோகிராமுக்கும், என்டி-ப்ரோபிஎன்பி 300 பிகோகிராமுக்கும் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு! என் பார்வையில், நோய் இல்லை என்று சொல்வதில்தான் இந்தப் பரிசோதனையின் பலம். அளவு கூடினாலே இதய நோய் என்று முடிவுகட்டக் கூடாது. முதுமையிலும், சிறுநீரகக் கோளாறிலும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும்போதும் அது ஏறும். உடல் பருமன் உள்ளவர்களுக்கோ நோய் இருந்தும் குறைவாகக் காட்டலாம்.

சரி, இவ்வளவு நல்ல ஹார்மோனை மருந்தாகவே கொடுத்தால்? கொடுத்துப் பார்த்தார்கள். நெசிரிடைடு என்ற செயற்கை பிஎன்பிக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2011இல் வெளியான, ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் அது இறப்பையும் குறைக்கவில்லை, மறுபடி மருத்துவமனையில் சேர்வதையும் குறைக்கவில்லை.

பலன் தந்தது வேறு வழி. நெப்ரிலைசின் என்ற நொதி இந்தப் பெப்டைடுகளைச் சிதைக்கிறது. சாகுபிட்ரில் அதைத் தடுக்கிறது. ஆனால் அதே நொதிதான் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினையும் சிதைக்கிறது. அதனால் ஆஞ்சியோடென்சினின் செயலைத் தடுக்கும் வால்சார்டனையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். 2014இல் வெளியான பெரிய ஆய்வில், இதயம் சுருங்கும் திறன் குறைந்த நோயாளிகளிடம் இந்தக் கூட்டு மருந்து, இதய நோயால் ஏற்படும் இறப்பு அல்லது இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது என்ற ஆபத்தை, பழைய மருந்தான எனலாப்ரிலைவிட 20 சதவீதம் குறைத்தது.

இந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பிஎன்பி சிதையாமல் தங்குவதால், நோய் தணிந்து வரும்போதும் அதன் அளவு ஏறலாம். நெப்ரிலைசின் தொடாத என்டி-ப்ரோபிஎன்பியைப் பார்த்துத்தான் அவர்களின் முன்னேற்றத்தைக் கணிக்க வேண்டும்.